உள்ளாட்சிக் கணக்குகள் திறமூல டேட்டாபேஸுக்கு மாற முடியுமா? அடிப்படையிலிருந்து ஒரு விளக்கம்

ஏப்ரல் கடைசி வாரம். நகராட்சி அலுவலகக் கவுன்டரில் ஒருவர் அரையாண்டுச் சொத்துவரி கட்ட நிற்கிறார். தமிழ்நாட்டில் 30ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதனால் வரிசை நீளமாகவே இருக்கும். ஊழியர் வரிவிதிப்பு எண்ணைத் தட்டுகிறார். நிலுவை திரையில் வருகிறது. பணத்தை வாங்கியதும் ரசீது அச்சாகிறது. இத்தனைக்கும் பின்னால் ஒரு டேட்டாபேஸ் வேலை செய்கிறது.

அந்த டேட்டாபேஸ் ஓரக்கிளாகவோ மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வராகவோ இருந்தால், அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மரியாடிபி போன்ற திறமூல டேட்டாபேஸ் என்றால் உரிமக் கட்டணம் இல்லை. அப்படியானால் உள்ளாட்சிகள் ஏன் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பதை நம்பி ஊர்ப்பணக் கணக்கை ஒப்படைப்பதா என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் விடை தேட வேண்டுமானால், டேட்டாபேஸ் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## டேட்டாபேஸின் வேலை என்ன

வரி கட்டும்போது குறைந்தது மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. ரசீதுப் பட்டியலில் ஒரு பதிவு சேர்கிறது, அந்த வீட்டின் நிலுவை குறைகிறது, அன்றைய வசூல் கணக்கில் தொகை கூடுகிறது. ரசீது பதிவான பிறகு, நிலுவை குறைவதற்கு முன்னால் கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்? பணம் கட்டியவர் பெயரில் பாக்கி அப்படியே நிற்கும்.

அதைத் தடுக்கத்தான் 'பரிவர்த்தனை' என்ற ஏற்பாடு இருக்கிறது. மூன்று மாற்றமும் சேர்ந்து ஒரே மூட்டை. மூட்டை முழுதாகப் பதிவாக வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கவுன்டரில் ஒரே வீட்டுக்குப் பணம் கட்டினாலும் கணக்கு குழம்பக் கூடாது. பதிவானது பதிவானதாகவே இருக்க வேண்டும்.

இந்த அடிப்படை ஓரக்கிளுக்கு மட்டும் உரிய ரகசியம் இல்லை. அட்டவணைகளாகத் தரவை வைக்கும் 'ரிலேஷனல்' முறையை எட்கர் காட் 1970இல் முன்வைத்தார். அதன்மேல் எழுந்த வணிகத் தயாரிப்புதான் ஓரக்கிள், 1979இல் விற்பனைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் 'போஸ்ட்கிரெஸ்'. 1996இல் அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறியது, சுருக்கமாக இன்றும் போஸ்ட்கிரெஸ்தான். இரண்டும் ஒரே வேரில் வந்தவை. தரவைக் கேட்கவும் மாற்றவும் இரண்டும் பேசும் மொழி எஸ்க்யூஎல்தான், வட்டார வழக்குகள் மட்டும் வேறு வேறு. பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் அந்த வட்டார வழக்கிலிருந்தே பிறக்கின்றன.

## 'திறமூலம்' என்ற சொல்லுக்குள் இருக்கும் வேறுபாடுகள்

மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்பதே திறமூலம். விலையில்லாமல் கிடைப்பது அதனால் வரும் ஒரு பலன். ஆனால் அரசு அலுவலகம் கவனிக்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: அந்தத் திட்டம் யார் கையில் இருக்கிறது?

மைஎஸ்க்யூஎல் என்ற திறமூல டேட்டாபேஸின் கதையைப் பாருங்கள். சுவீடன் நிறுவனம் ஒன்று உருவாக்கியது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2010இல் சன் நிறுவனத்தையே ஓரக்கிள் வாங்கியது. அதன் மூலகர்த்தா மான்டி விடேனியஸ் 2009இலேயே கிளை பிரித்து மரியாடிபியைத் தொடங்கினார். மொங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் 2018இல் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸும் 2024இல் மாற்றியது, உடனே லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற கிளை பிறந்தது. ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் திறமூலத்தில், அடுத்த பதிப்பின் உரிமம் எந்த நாளும் மாறலாம்.

போஸ்ட்கிரெஸை எந்த நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாது. பல நாடுகளில், பல நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு பராமரிப்பு உண்டு. இருபது முப்பது ஆண்டுக்குப் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்திருக்க வேண்டிய ஓர் அலுவலகத்துக்கு இந்த நிலைத்தன்மை விலையைவிட முக்கியம் என்றே நினைக்கிறேன். அதனால் இனி இந்தக் கட்டுரையில் திறமூலம் என்றால் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ்தான்.

## இவ்வளவு பெரிய தரவைத் தாங்குமா?

இந்தச் சந்தேகத்தைப் போக்க மனக்கணக்கே போதும். சென்னை மாநகராட்சியில் சொத்துவரி விதிக்கப்பட்டவை 13 லட்சத்துக்கு மேல். ஆண்டுக்கு இரண்டு அரையாண்டு, இருபது ஆண்டுப் பதிவு என்று வைத்துக்கொண்டால், கட்ட வேண்டிய தொகைகளைக் காட்டும் கேட்புப் பட்டியலில் சுமார் 5.2 கோடி பதிவுகள் வரும். ஒரு பதிவுக்கு 200 பைட் என்றால் ஏறக்குறைய 10 ஜிபி. இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகராதி போன்ற பட்டியல்), ரசீதுகள் எல்லாம் சேர்த்து நாலைந்து மடங்கு ஆனாலும் 50 ஜிபி. கல்லூரி மாணவரின் மடிக்கணினியில் அடங்கிவிடும். போஸ்ட்கிரெஸில் ஒரே ஓர் அட்டவணைக்கு உள்ள வழக்கமான உச்சவரம்பு 32 டிபி.

அவசர நாள் நெரிசலையும் பார்ப்போம். கடைசி நாளில் மட்டும் 2 லட்சம் பேர் பத்து மணி நேரத்துக்குள் கட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். விநாடிக்கு ஆறு பரிவர்த்தனைகூட வராது. உச்ச நிமிடத்தில் இருபது மடங்கு ஏறினாலும் நூற்றிருபது. நடுத்தரமான ஒரு சர்வரில் போஸ்ட்கிரெஸ் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்யும். ஏப்ரல் 30 அன்று தளம் முடங்கினால் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்: பணம் செலுத்தும் இணைப்பில், மோசமாக எழுதிய ஒரு தேடலில், அல்லது போடாமல் விட்ட ஓர் இண்டெக்ஸில்.

நடைமுறைச் சான்றும் இந்தியாவிலேயே இருக்கிறது. நந்தன் நீலகேணியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் 2003இல் தொடங்கிய இகவர்ன்மென்ட்ஸ் அறக்கட்டளையின் மென்பொருள், ஆந்திரத்தின் 110 நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரி, குடிநீர், கட்டணங்கள் என்று ஓடியது. அதற்கு அடித்தளம் போஸ்ட்கிரெஸ். பின்னால் அவர்கள் உருவாக்கிய டிஜிட் தளமும் அதன்மேல்தான் நிற்கிறது, பஞ்சாபில் அது பயன்பாட்டில் உள்ளது. 2021இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நகர்ப்புற டிஜிட்டல் இயக்கத்தின் 'உப்யோக்' தளம் டிஜிட்டிலிருந்து உருவானது. ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது. எந்தச் செலவில், எந்த உழைப்பில் என்பதுதான் மிச்சம்.

## உரிமக் கட்டணம் வளரும் விதம்

ஓரக்கிள் எண்டர்பிரைஸ் பதிப்பின் பட்டியல் விலை, ஒரு 'ப்ராசசர்' உரிமத்துக்கு 47,500 டாலர். இங்கே ப்ராசசர் என்பது சிப்பின் எண்ணிக்கை கிடையாது. சர்வரின் சிப்புகளுக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் அலகுகளான கோர்களை எண்ணி ஒரு காரணியால் பெருக்க வேண்டும், இன்டெல் சிப்புக்கு அது 0.5. ஆக, 16 கோர் உள்ள சாதாரண சர்வருக்கு:

1. 16 × 0.5 = 8 உரிமங்கள்.
2. 8 × 47,500 = 3,80,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 3.23 கோடி ரூபாய்.
3. ஆண்டு ஆதரவுக் கட்டணம் 22 சதவீதம், அதாவது 83,600 டாலர். ஏறக்குறைய 71 லட்சம் ரூபாய்.
4. ஐந்தாண்டு ஆதரவுக்கு மட்டும் 4,18,000 டாலர். முதலில் வாங்கிய விலையையே தாண்டிவிடுகிறது.

இது ஒரு சர்வருக்கு. வேறு ஊரில் பேரிடர்க் காப்பாக எப்போதும் தயார் நிலையில் ஒரு நகல் சர்வரை ஓடவிட்டால், அதற்கும் உரிமம் வேண்டும். பெரிய அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் வசதி வேண்டுமா? உரிமத்துக்கு 11,500 டாலர் கூடுதல். எந்தத் தேடல் மெதுவாக ஓடுகிறது என்று அலசும் கருவி வேண்டுமா? 7,500 டாலர். இந்த அலசும் கருவி உரிமம் வாங்காமலே வேலை செய்யும். யாரோ ஒருவர் ஓர் அவசரத்தில் அதைப் பயன்படுத்தினால் அது பதிவாகிவிடும், பிறகு தணிக்கையில் கணக்குக் கேட்பார்கள். இன்னொரு பொறியும் உண்டு. மாநிலத் தரவு மையங்களில் ஒரே பெரிய எந்திரத்தைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள். விஎம்வேர் போன்ற மென்பொருளால் பிரித்ததை உரிமத்தைக் குறைக்கும் வழியாக ஓரக்கிளின் கொள்கை ஏற்பதில்லை. நாலு கோர் மட்டும் பயன்படுத்துகிறோம் என்று நினைத்திருப்போம், கணக்கு முழு எந்திரத்துக்கும் வரும்.

பெரிய கொள்முதலில் தள்ளுபடி கிடைக்கும் என்பது உண்மை. ஸ்டாண்டர்ட் பதிப்பு 2 விலை இதில் பாதிக்கும் கீழே, சிறிய நகராட்சிக்கு அதுவே தாராளம். எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த எல்லையை எட்டும் நாளில் பணம் கொடுத்து மேலே போவதைத் தவிர வழி இருக்காது. முதலில் இலவசமாக நுழைந்தது அப்போது பேரம் பேசும் இடத்தில் இருக்கும், நகராட்சி அந்த இடத்தில் இருக்காது.

## பூட்டு எங்கே இருக்கிறது

உரிமம் இவ்வளவு செலவு வைத்தும் மாறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வரிக் கணக்கீட்டு விதிகள் டேட்டாபேஸுக்கு உள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இருபது ஆண்டுக்கு முன் எழுதிய மென்பொருளில், வரி எவ்வளவு, ஊக்கத்தொகை எப்படி, தாமதத்துக்கு வட்டி எப்படி என்ற எல்லாம் 'ஸ்டோர்ட் ப்ரொசீஜர்' என்ற பெயரில் ஓரக்கிளின் சொந்த மொழியான பிஎல்எஸ்க்யூஎல்லில் இருக்கும். எழுதியவர் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார். போஸ்ட்கிரெஸிலும் அதேபோன்ற ஒரு மொழி உண்டு. ஓராடூபிஜி என்ற திறமூலக் கருவி அட்டவணைகளையும் நிரலையும் பெருமளவு தானாகவே மாற்றித் தரும். மாறாதது சொச்சம்தான். ஆனால் ஆபத்து முழுவதும் அந்தச் சொச்சத்தில் இருக்கிறது, ஏனென்றால் அதில் பல, பிழைச் செய்தியே காட்டாமல் தப்பான விடை தரும். அந்தச் சொச்சத்திலிருந்து மூன்று உதாரணங்கள்:

வெற்றுச் சொல். ஓரக்கிளில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டாலும், 'மதிப்பே இல்லை' என்று சொன்னாலும் இரண்டும் ஒன்று. போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு. முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு எண், தெரு, அடையாளம், ஊர் என்று நாலு கட்டங்களை ஒட்டி ஒரே வரியாக்கிக் கேட்பு அறிவிப்பில் அச்சிடுகிறார்கள். 'அடையாளம்' கட்டத்தில் மதிப்பு இல்லையென்றால் ஓரக்கிள் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஒட்டும். போஸ்ட்கிரெஸில் வழக்கமான ஒட்டுக்குறியைப் போட்டால், ஒன்று இல்லையென்றால் மொத்தமும் இல்லை. அடையாளம் எழுதாத ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரியே இல்லாத அறிவிப்பு அச்சாகும். நிரல் எந்தப் புகாரும் சொல்லாது.

தேதி. ஓரக்கிளின் தேதிக்குள் மணி, நிமிடம், விநாடியும் அடங்கும். போஸ்ட்கிரெஸின் தேதி வெறும் தேதிதான். அப்படியே பெயருக்குப் பெயர் மாற்றினால் பணம் கட்டிய நேரம் தொலைந்துபோகும். நேரத்தோடு மாற்றினாலோ, இரண்டு தேதிகளைக் கழித்தால் ஓரக்கிளில் நாட்களின் எண்ணிக்கை வரும், போஸ்ட்கிரெஸில் வேறு வகை மதிப்பு வரும். தாமத வட்டி இந்தக் கழித்தலில்தான் நிற்கிறது.

பொதிகள். தொடர்புடைய நிரல்களைக் கட்டி வைக்கும் 'பேக்கேஜ்' என்ற வசதி போஸ்ட்கிரெஸில் கிடையாது. அதைப் பிரித்து வேறு விதமாக அடுக்க வேண்டும். இது நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் ஒளிந்திருந்து தாக்காது.

பழைய திரைகள் ஓரக்கிள் ஃபார்ம்ஸ் என்ற திரை அமைக்கும் கருவியில் எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அங்கே டேட்டாபேஸை மட்டும் மாற்றுவது என்ற பேச்சே இல்லை, மென்பொருளையே புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். திறமூலம் தோற்றதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். ஏறக்குறைய 15,000 மேசைக் கணினிகளை லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்கு மாற்றிய அந்த மாநகராட்சி, 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. அது ஊழியர் தினமும் தொடும் மேசைக் கணினி. டேட்டாபேஸ் திரைக்குப் பின்னால் இருப்பது. கவுன்டரில் இருப்பவர் பார்க்கும் திரை மாறாது, அவருக்குப் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டாம். அந்த வகையில் டேட்டாபேஸ் மாற்றம் ஊழியருக்கு எளிது, பொறியாளருக்குக் கடினம்.

## தமிழ்ப் பெயர்களில் மறைந்திருக்கும் வேலை

இந்தப் பகுதியைத் திட்ட அறிக்கைகளில் அரை வரியில் முடித்துவிடுவார்கள். என் கணிப்பில் தமிழ் பேசும் ஊர்களில் பாதி வேலை இங்கேதான்.

ஒவ்வொரு எழுத்துக்கும் உலகப் பொதுவான ஓர் எண் தரும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய பெயர்கள் பழைய பதிவுகளில் நிறைய இருக்கும். பாமினியில் 'முருகன்' என்று தட்டினால் டேட்டாபேஸுக்குள் போவது நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால்தான் அது முருகன். இன்னும் நுட்பமான ஒன்று: பாமினியில் 'இ' என்ற எழுத்துக்கு உரிய விசை காற்புள்ளி. பழைய டேட்டாபேஸிலிருந்து காற்புள்ளியால் பிரித்த கோப்பாகத் தரவை வெளியே எடுக்கும்போது, மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் எடுத்தால், இந்திரா, இளங்கோ, இஸ்மாயில் என்று இகரத்தில் தொடங்கும் ஒவ்வொரு பெயரும் கட்டத்தை உடைத்துவிடும். பெயரின் இடத்தில் வெறுமை, தெருவின் இடத்தில் பெயர், கதவு எண்ணின் இடத்தில் தெரு.

யூனிகோடுக்கு வந்த பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. 'கொளத்தூர்' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினி இரண்டையும் வேறு சொல் என்று நினைக்கும். தேடினால் ஆள் கிடைக்க மாட்டார், இல்லையென்று நினைத்துப் புதிதாக இன்னொரு பதிவு போடுவார்கள், ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து இப்படிப்பட்ட வடிவங்களை ஒரே வடிவமாக்கும் செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. தரவை ஏற்றும்போதே அதன் வழியாக அனுப்பிவிட வேண்டும்.

வரிசைப்படுத்தல் அடுத்தது. யூனிகோட் எண்ணின்படி அடுக்கினால் 'ன' எழுத்து 'ப'வுக்கு முன்னால் வந்துவிடும், 'ஜ' எழுத்து 'ச'வுக்கு அடுத்து வரும். வாக்காளர் பட்டியலோ உரிமதாரர் பட்டியலோ அகர வரிசையில் வராது. ஐசியு என்ற மென்பொருள் நூலகத்தின் தமிழ் வரிசையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும், 10ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் அதை ஏற்கிறது. இதைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். இயங்குதளத்தின் சொந்த வரிசையை நம்பியிருந்தவர்களுக்கு 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகம் வரிசை விதிகளை மாற்றியபோது சிக்கல் வந்தது. இயங்குதளத்தை மேம்படுத்தியதும் பழைய இண்டெக்ஸ்கள் தவறாகிவிட்டன, எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

## யார் பார்த்துக்கொள்வார்கள்?

வணிக டேட்டாபேஸ் வாங்கும்போது ஓர் ஆறுதலும் சேர்ந்தே வருகிறது: ஏதாவது ஆனால் கேட்க ஆள் இருக்கிறது. அதிகாரி அப்படி நினைப்பதைக் குறை சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டவர் அவர். ஆனால் அந்த ஆதரவு டேட்டாபேஸின் குறைகளுக்குத்தான். நம் நிரலில் உள்ள தவறுக்கும், எடுக்காமல் விட்ட பேக்கப்புக்கும் அந்த 22 சதவீதம் உதவாது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய அமைப்பை விட்டு ஓரக்கிளின் நிதி, மனிதவள மென்பொருளுக்கு 2022 ஏப்ரலில் மாறியது. சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று நினைத்தது 10 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிடும் நிலைக்குப் போனது, கணக்கை முடிக்கவே திணறினார்கள். டேட்டாபேஸ் அங்கே பழுதாகவில்லை. மென்பொருளைத் தங்கள் பழைய நடைமுறைக்கு ஏற்ப வளைக்கப் போனதும், சோதித்துப் பார்க்காமல் விட்டதும்தான் பெரும் காரணங்கள். பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஆபத்து இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம்.

திறமூலப் பக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவு அடைவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி. ஐந்து வகையான காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக இயங்கவில்லை. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் பொருந்தாமல், பேக்கப் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டே இருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகலால் மீண்டார்கள். அத்தனையையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

போஸ்ட்கிரெஸுக்கே உரிய பராமரிப்பும் இருக்கிறது. ஒரு பதிவைத் திருத்தினால் அது பழையதை அழிக்காமல் புதிய பிரதியை எழுதும். பழைய பிரதிகளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு 'வேக்யூம்' என்று பெயர், தானாகவே நடக்கும். யாரோ 'சர்வர் மெதுவாக இருக்கிறது' என்று அதை நிறுத்தி வைத்தால், அட்டவணை ஊதிக்கொண்டே போகும். பரிவர்த்தனை எண்கள் சுமார் 200 கோடியை நெருங்கும்போது, தரவைக் காக்க டேட்டாபேஸ் புதிய பதிவுகளை ஏற்க மறுத்துவிடும். தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இது ஒரு சிறு கவனிப்பு. யாரும் இல்லையென்றால் ஒரு நாள் கவுன்டர் மூடும்.

தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் மட்டுமே 490 அளவில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு டேட்டாபேஸ் நிபுணரை வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். மாநில அளவில் எட்டுப் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு எல்லா உள்ளாட்சிக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். மேலே கணக்குப் போட்ட ஒரு சர்வரின் ஆதரவுக் கட்டணமான 71 லட்சத்தில் அந்தக் குழுவின் சம்பளத்தில் பெரும்பகுதி அடங்கும். உரிமத்தில் மிச்சமாகும் பணத்தை மனிதர்களுக்குச் செலவிடாமல் வெறும் சேமிப்பாகக் காட்டினால், திறமூலம் தோற்கும். அப்படித் தோற்கும்போது பழி மென்பொருள்மேல் விழும். எனக்கு இதில்தான் மிகுந்த கவலை.

## மாற்ற வேண்டாத இடங்கள்

சில அமைப்புகளில் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே வாங்கியவருக்கு இல்லை. எஸ்ஏபியின் நிர்வாக மென்பொருளான எஸ்4ஹானா, அந்நிறுவனத்தின் ஹானா டேட்டாபேஸில் மட்டும் ஓடும். ஓரக்கிளின் நிர்வாக மென்பொருளான ஈ-பிசினஸ் சூட் ஓரக்கிள் டேட்டாபேஸில் மட்டும் ஓடும். அவை இருக்கும் வரை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஒப்பந்தம் முடியும்போது யோசிப்பதுதான் சரி. இன்னும் இரண்டு ஆண்டில் கைவிடப்போகும் பழைய மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

ஓரக்கிள் மாதிரியே நடந்துகொள்ளும்படி மாற்றியமைத்த வணிக வகைப் போஸ்ட்கிரெஸ்களும் சந்தையில் இருக்கின்றன. மாறும் வேலையை அவை எளிதாக்கும். ஆனால் அந்தச் சிறப்பு வசதிகளையே நம்பி நிரல் எழுதினால், ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்குப் போனதாகிவிடும்.

## எந்த வரிசையில் போகலாம்

1. புதியவை எல்லாம் திறமூலத்தில். புதிதாகத் தொடங்கும் எந்தத் திட்டத்துக்கும் பழைய சுமை இல்லை. மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுத் திறமூலக் கொள்கையும் டெண்டரில் திறமூலத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது, தவிர்த்தால் காரணம் எழுதச் சொல்கிறது. மாநிலங்கள் விரும்பினால் அதை ஏற்கலாம்.

2. வரைபடங்கள். கட்டட எல்லை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு போஸ்ட்கிரெஸில் வரைபடத் தரவைக் கையாள 2001இல் வெளியான போஸ்ட்ஜிஐஎஸ் நன்கு முதிர்ந்த கருவி. இந்தத் துறையில் திறமூலம் வணிகப் பொருட்களுக்குச் சமமாகவே நிற்கிறது.

3. அறிக்கைகள். பழைய டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நகலைப் போஸ்ட்கிரெஸில் வைத்து, படிப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். எழுத்துரு, வரிசை, வெற்றுச்சொல் சிக்கல்கள் எல்லாம் பணத்துக்கு ஆபத்து இல்லாமல் இங்கேயே வெளியே வந்துவிடும்.

4. பிறகு வரி. ஓர் அரையாண்டு முழுக்க இரண்டு டேட்டாபேஸையும் இணையாக ஓட்ட வேண்டும். அளவுகோல், வருவாய்ப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த டிசிபிதான்: கேட்பு, வசூல், நிலுவை. வார்டு வார்டாக, இரண்டிலும் கூட்டுத்தொகை ரூபாய்க்கு ரூபாய் பொருந்த வேண்டும். மொத்தம் பொருந்தினால் போதும் என்று விடக்கூடாது, ஒரு வார்டின் மிகையும் இன்னொன்றின் குறையும் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிடும்.

அப்புறம், எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் டெண்டரில் எழுத வேண்டிய மூன்று வரிகள் இருக்கின்றன. தரவும், அதன் அட்டவணை அமைப்பும், உள்ளே எழுதிய நிரல்களும் உள்ளாட்சிக்குச் சொந்தம் என்பது முதல் வரி. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டபடி 180 நாள் கணினி இயக்கப் பதிவேடுகளை வைத்திருப்பதும், பாதுகாப்பு மீறலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிப்பதும் ஒப்பந்ததாரரின் கடமை என்பது இரண்டாவது. மூன்றாவதுக்குச் செலவு மிகக் குறைவு: மாதம் ஒருமுறை முழுப் பேக்கப்பையும் நகராட்சியின் சொந்தக் கணினி ஒன்றில், ஒப்பந்ததாரரின் ஆள் உதவியில்லாமல், நகராட்சி ஊழியரே திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் ஏதாவது ஒரு வரிவிதிப்பு எண்ணைத் தட்டி, நேற்று மாலை கட்டிய ரசீது அதில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.